ஒரு கடிதமும் இரண்டு ஏணிகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள்.

சுன்னாகத்தில் நாங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். எங்களைப் போலவே புத்தளத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மகனை முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, தடுப்பூசி அட்டை இருக்கிறது, குடியிருக்கும் வீட்டின் மின்கட்டணப் பட்டியல்கூட இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வதிவிடச் சான்று.

இங்குள்ள விதானையார், "உங்கட பெயர் புத்தளத்துப் பதிவில கிடக்கு. அங்க வெட்டினதுக்குக் கடிதம் கொண்டு வாங்கோ" என்றாராம். தாய் பஸ் ஏறிப் புத்தளம் போனார். அங்குள்ளவர், "நீங்க மீள்குடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்துல பதிஞ்ச ஆக்கள். இங்கேருந்து நாங்க கடிதம் தர ஏலாது" என்றாராம். திரும்பி வந்து ஒரு கல்விக் கந்தோரில் கேட்டால், "சுற்றறிக்கையில் உள்ளதைத்தான் நாங்கள் பார்க்கலாம், கிராம அலுவலர் விடயம் எங்களுடையது இல்லை" என்று பதில். கந்தோர்களின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அவரவர் சட்டத்துக்குள்தான் நின்றார்கள். வேதனையே அதுதான்.

தாய் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. "சேர், இவங்களுக்கு மேல ஆர்? நான் ஆரிட்டப் போய்ச் சொல்ல?"

வருடக்கணக்காகக் குடியியற் கல்வி படிப்பிக்கிறோம். சட்டவாக்கம், நிறைவேற்று, நீதி என்று மூன்று பெட்டி கீறிக் காட்டுகிறோம். பிள்ளைகளும் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் உடுவில் பிரதேச செயலாளருக்கு மேலதிகாரி யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டால், பிள்ளைகளை விடுங்கள், ஆசிரியர் அறையிலேயே மூன்று விதமான பதில் வரும். கேட்டுப் பார்த்தோம், வந்தது.

ஆகவே முதலில் சுன்னாகம் சந்தியில் போய் நிற்போம். காங்கேசன்துறை வீதி மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. ஏ, பி தர வீதிகள் எல்லாம் அப்படித்தான். அதிலிருந்து பிரிகிற சி, டி தர வீதிகள் மாகாணத்துடையவை. அதிலிருந்தும் பிரிகிற ஒழுங்கைகள் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையுடையவை. சந்தை பிரதேச சபையுடையது. பொலிஸ் நிலையம், புகையிரத நிலையம், மின்சார சபை எல்லாம் கொழும்பு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சு, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை மாகாணம். தேசியப் பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாய, மற்றப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வி அமைச்சு. ஒரே சந்தியில், ஒரே வெயிலில், இரண்டு அரசாங்கமும் ஒரு பிரதேச சபையும் நிற்கின்றன. மழைக்கு வெள்ளம் நின்றால் எந்தக் கந்தோருக்கு அறிவிப்பது என்பதை வெள்ளம் நிற்கிற வீதியின் தரத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

பலகையில் கீறினால் இரண்டு ஏணி. முதலாவது ஏணியின் அடியில் கிராம அலுவலர். நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறோம், பழைய விதானைமார் முறை 1963இல் ஒழிக்கப்பட்டுவிட்டது என்றாலும். அவருக்கு மேல் பிரதேச செயலாளர், அவருக்கு மேல் அரசாங்க அதிபர், அவருக்கு மேல் கொழும்பில் பொது நிர்வாகத்துக்குப் பொறுப்பான அமைச்சு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். நாடு முழுவதும் 14,022 கிராம அலுவலர் பிரிவுகள். இரண்டாவது ஏணி மாகாணம்: திணைக்களங்கள், அமைச்சின் செயலாளர்கள், பிரதம செயலாளர், ஆளுநர்.

முதலாவது ஏணி வெள்ளைக்காரன் வைத்தது. 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசோடு நாட்டை ஐந்து மாகாணமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசாங்க அதிபரை வைத்தார்கள். வட மாகாணத்தில் டைக் துரை ஏறத்தாழ நாற்பது வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானை. வரி தண்டவும் அமைதி காக்கவும் செய்த ஏணி அது. கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஊர்ச்சனத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் எந்த ஏற்பாடும் இல்லை. சுதந்திரம் வந்தது, பெயர்கள் மாறின. கச்சேரி மாவட்டச் செயலகம் ஆனது. ஏணியின் போக்கு மாறவில்லை.

அரசு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தமிழரசுக் கட்சியினர் நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள். 1961 பெப்ரவரி 20ஆம் திகதி சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அவர்கள் போய் இருந்தது யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில்தான். அந்த ஒரு கட்டடத்தை மறித்தால் கொழும்பின் கை வடக்கில் அசையாது என்று தெரிந்திருந்தது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு ஆட்களைக் கைதுசெய்துதான் அந்த வாசலைத் திறந்தார்கள்.

இரண்டாவது ஏணி 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் 13ஆம் திருத்தத்தோடும் மாகாண சபைகள் சட்டத்தோடும் வந்தது. மாகாணத்துக்கு ஒரு பட்டியல், மத்திக்கு ஒரு பட்டியல், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பட்டியல். மத்தியின் பட்டியலில் முதலாவதாக நிற்பது எது தெரியுமா? எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை. எல்லா விடயங்கள் மீதும்! கல்வி மாகாணத்துக்கு, ஆனால் கல்விக் கொள்கை மத்திக்கு. எங்கள் தொழிலையே பாருங்கள். பாடத்திட்டம் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம், புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களம், பரீட்சை பரீட்சைத் திணைக்களம், சம்பளத் திட்டம் கொழும்புச் சுற்றறிக்கை. மாகாணத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நியமனமும் இடமாற்றமும் கட்டடமும். புதிதாக ஒரு பதவியை உருவாக்குவதற்கும் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அனுமதிக்குக் கொழும்பைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏணியின் மேல்படியைப் பாருங்கள். ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். பிரதம செயலாளரையும் ஜனாதிபதிதான், முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்கிறார். முதலமைச்சரும் பிரதம செயலாளரும் முரண்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2014இல் வடக்கிலேயே பார்த்தோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

பலர் கவனிக்காத ஒன்று 1992இல் நடந்தது. அந்த வருடத்து 58ஆம் இலக்கச் சட்டம் பழைய உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளைப் பிரதேச செயலகங்கள் ஆக்கி, அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்தது. கேட்க நல்ல விடயம்தான். சனத்துக்குக் கிட்ட அதிகாரம் வந்தது. ஆனால் அந்தப் பிரதேச செயலாளர் மத்திய அரசின் ஆள். மாகாணம் தன்னுடைய வேலைகளை ஊர் மட்டத்தில் செய்ய வேண்டுமென்றாலும் அதே மேசைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. காணி விடயத்தில் மத்தியின் காணி ஆணையாளர் நாயகமும் அந்த மேசைக்கு எழுதுகிறார், மாகாணக் காணி ஆணையாளரும் அந்த மேசைக்கு எழுதுகிறார். இரண்டு எசமானர்களுக்கு ஒரு மேசை. அந்தக் கதிரையில் இருப்பவர் மேல் எங்களுக்கு உண்மையில் இரக்கம்தான் வருகிறது. ஆனால் இடமாற்றமும் பதவி உயர்வும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். மனுச இயல்பு.

இந்தியாவை ஒரு தரம் பாருங்கள். அது முழுச் சமஷ்டி இல்லை என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள். மாவட்ட ஆட்சியர் டில்லி நடத்தும் பரீட்சையில் தேறிய ஐ.ஏ.எஸ். அதிகாரிதான். ஆனால் தமிழ்நாட்டில் வேலை செய்யும்போது மாநில அரசின் கீழ்தான் வேலை. அவரை இடம் மாற்றுவது சென்னை. ஆகவே மாவட்டத்தில் பிழை நடந்தால் சனம் திட்டுவது முதலமைச்சரை, அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பதும் அவரோடுதான். எங்களுடைய அரசாங்க அதிபர் மாகாண முதலமைச்சரிடம் கட்டளை வாங்குகிறவர் இல்லை. அமெரிக்காவில் வேறு மாதிரி: மத்திய அரசுக்குத் தனி ஆட்கள், மாநிலத்துக்குத் தனி ஆட்கள், ஒன்றையொன்று தொடாத இரண்டு ஏணி. ஆனால் இரண்டின் உச்சியிலும் சனம் வாக்குப் போட்ட ஒருவர் நிற்கிறார்.

எங்கள் இரண்டாவது ஏணியின் உச்சியில் இப்போது யாரும் அப்படி இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்றது, அதன்பின் தேர்தல் இல்லை. வடக்குக்கு மட்டுமில்லை, ஒன்பது மாகாணத்துக்கும் இதே நிலைதான். 2024 செப்டெம்பரில் எங்களுக்கு ஆளுநராக வந்தவர் முன்பு யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்தவர். ஊரை அறிந்தவர், தமிழில் பேசலாம், நல்லது. ஆனால் கணக்கைக் கவனியுங்கள். முதலாவது ஏணியின் அதிபர் இரண்டாவது ஏணியின் உச்சிக்கு வர, இடையில் ஒரு வாக்குச்சீட்டும் தேவைப்படவில்லை. பிரதேச சபைகூட 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்டவர்கள் இல்லாமல் அதிகாரிகளின் கையில்தான் இருந்தது.

இதனால் என்ன வரும் என்பதற்குச் சுன்னாகம் வேறு ஊருக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் கிணறுகளில் எண்ணெய் வந்த கதையை எல்லோரும் அறிவீர்கள். அனல் மின் நிலையம் தனியார் நிறுவனத்தினுடையது, மின்சாரத்தை வாங்கியது மின்சார சபை. சூழல் அனுமதி மத்திய சுற்றாடல் அதிகார சபையையும் முதலீட்டுச் சபையையும் சார்ந்த விடயம். தண்ணீரைப் பரிசோதித்தது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. நோய் என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அது மாகாணம். மாகாண சபை தன் பங்குக்கு ஒரு நிபுணர் குழு அமைத்தது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனை ஒன்றைச் சொல்ல, நிபுணர் குழு வேறொன்றைச் சொன்னது. சனம் பவுசர் தண்ணீருக்குக் கானோடு வரிசையில் நின்றது. கடைசியில் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சுற்றாடல் ஆர்வலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டு, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சுன்னாகத்து மக்களுக்காக நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். இத்தனை சபை, இத்தனை அதிகாரிகள் இருந்தும், எங்கள் கிணற்றுக்குப் பதில் சொல்ல வைக்கக் கொழும்பில் உள்ள நீதிமன்றம்தான் வேண்டியிருந்தது.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறோம். இதைத் தமிழ் நண்பர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று எழுதினால் எங்கள் பெரியவர்கள் சிலர் கோபிக்கிறார்கள். "மாகாணம் எண்டா ஆர்? பெரும்பான்மை ஆரோ அவங்கதானே. எங்களுக்குக் கொழும்புதான் பாதுகாப்பு" என்கிறார்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்ன நினைவோடு பேசுகிறவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை நாங்கள் சிறுமைப்படுத்த மாட்டோம்.

ஆனால் அவர்களிடம் நாங்கள் மரியாதையோடு ஒன்று கேட்கிறோம். அந்த நாளிலும் கச்சேரி இருந்ததே? யுத்த காலம் முழுவதும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அரசாங்க அதிபரும் உதவி அரசாங்க அதிபர்களும் கடமையில் இருந்தார்கள், சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. அந்த ஏணியின் ஒரு படியாவது எங்களைக் காப்பாற்றியதா? புத்தளத்தில் நிவாரண அட்டை தந்தது, அதற்கு நன்றி. ஆனால் அந்த அட்டைதான் பிறகு எங்களைப் "புத்தளத்து ஆக்கள்" ஆக்கியது. ஒரு பதிவேட்டில் தற்காலிகமாக எழுதிய பெயர் இருபது, முப்பது வருடத்தில் நிரந்தரம் ஆகிவிட்டது. 2013இல் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவந்து, இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரில் வாக்காளராகப் பதியலாம் என்றார்கள். இத்தனை வருடம் கழித்து இதற்கென்று ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்கிறது. அந்தத் தாயை அலைக்கழித்த இரண்டு விதானைமாரும் ஒரே அமைச்சின் ஆட்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அங்கே மாகாணம் குறுக்கே வரவில்லை. கொழும்பே கொழும்புக்குக் கடிதம் கேட்டது.

தமிழ் நண்பர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2013இல் வட மாகாண சபை வந்தபோது 38 ஆசனத்தில் 30 கூட்டமைப்புக்கு. கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை முஸ்லிம் ஒருவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனதோடு செய்த காரியம், நாங்கள் மறக்கவில்லை. ஆனால் போனஸ் ஆசனம் என்பது கொடுக்கிறவர் விரும்பினால் கிடைப்பது. உரிமை அப்படிக் கிடைக்கிறதில்லை. கொழும்பில் பெரும்பான்மையின் தயவில் வாழ முடியாது என்று எழுபது வருடமாகச் சொல்லி வருகிற நீங்கள், யாழ்ப்பாணத்தில் நாங்கள் தயவில் வாழ்வதை ஏற்றுக்கொள்வீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த சபை வருவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். மாகாண சபைத் தேர்தல் நடக்க வேண்டும். மாகாண விடயங்களுக்குப் பிரதேச செயலாளர் மாகாணத்துக்குப் பதில் சொல்லும்படி 1992இன் சட்டம் திருத்தப்பட வேண்டும். பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வசனம் பேசி நாங்கள் கேட்டதில்லை. சனம் பொலிஸுக்கு எப்போதாவது போகும், பிரதேச செயலகத்துக்கு மாதம் ஒரு தரமாவது போகும்.

ஆனால் அது நடக்கக் காலம் எடுக்கும். அதுவரை, அதற்குப் பிறகும்கூட, எங்களைப் போன்ற சிறிய கூட்டத்துக்கு மத்தியோ மாகாணமோ தருவதைவிட அவசரமாக ஒன்று வேண்டும். மறுப்பை எழுத்தில் தர வேண்டும். எந்தக் கந்தோரிலும் ஒரு விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்றால், எந்தச் சுற்றறிக்கையின் கீழ், யார் மறுத்தார், மேன்முறையீடு யாரிடம் என்ற மூன்று வரி கையொப்பத்தோடு. அவ்வளவுதான். "நாளைக்கு வாங்கோ", "அங்க போய்க் கேளுங்கோ" என்ற வாய்ச்சொல்லுக்கு மேன்முறையீடு கிடையாது. அது எந்த ஏணியிலும் ஏறாது. எழுத்தில் வந்த மறுப்பு ஏறும். எழுத வேண்டும் என்றவுடனேயே பாதி மறுப்புகள் மறைந்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய கந்தோர், மாகாணக் கந்தோர், பிரதேச சபை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். விண்ணப்பத்துக்குத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கு ஆள் இருக்கிறது, அதற்கு மேல் கொழும்பில் ஆணைக்குழு இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம்.

அந்தத் தாயோடு இருந்து இரண்டு விண்ணப்பம் எழுதினோம். ஒன்று இங்கே, ஒன்று புத்தளத்துக்கு. கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்: இந்தக் குடும்பத்தின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா, இருந்தால் வதிவிடச் சான்று மறுக்கப்பட்டது எந்தச் சுற்றறிக்கையின் கீழ்? பதிவுத் தபாலில் அனுப்பி ஒன்பது வேலை நாள் ஆகிறது. பதில் எதுவாக வந்தாலும், பெயர்களை மறைத்து இங்கே போடுவோம், இன்ஷா அல்லாஹ்.

இதே கரைச்சலில் இருக்கிற குடும்பங்கள், முஸ்லிமோ, வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறிய தமிழ்க் குடும்பமோ, யாராக இருந்தாலும் உள்பெட்டியில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் விட்டபிறகு பின்னேரங்களில் இருப்போம். வரும்போது தேசிய அடையாள அட்டையின் பிரதியும், முன்பு இருந்த ஊரின் கிராம அலுவலர் பிரிவு இலக்கமும் கொண்டு வாருங்கள்.